பிரஸ் கேங்: ஆசிரியர் நாற்காலியில் பள்ளிப் பிள்ளைகள்

‘பிரஸ் கேங்’ பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில், பிள்ளைகள் பள்ளிவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் வந்த நாடகத் தொடர். முதல் பகுதி 1989 ஜனவரி 16, திங்கட்கிழமை ஒளிபரப்பானது. கடைசிப் பகுதி வந்தது 1993 மே 21 அன்று. ஐந்து பருவங்களில் மொத்தம் 43 பகுதிகள். அத்தனையையும் எழுதியவர் ஸ்டீவன் மொஃபட் என்ற ஒரே ஆள். நார்பிரிட்ஜ் என்ற கற்பனை ஊரில் பதின்ம வயதுப் பிள்ளைகள் ‘ஜூனியர் கெசட்’ என்ற பத்திரிகையை நடத்துகிறார்கள் என்பதுதான் கதை. சிறுவர் தொடர் என்ற பெயரில் வந்தாலும் பெரியவர்களும் அதை விடாமல் பார்த்தார்கள். 1991இல் சிறந்த சிறுவர் நிகழ்ச்சிக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிட்டிஷ் சிறுவர் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தத் தொடரின் பெயர் வராமல் போவதில்லை.

தொடர் பிறந்த கதையே ஒரு சிறுகதை போல இருக்கும். ஸ்டீவனின் அப்பா பில் மொஃபட், ஸ்காட்லாந்தின் ஜான்ஸ்டன் ஊரில் தோர்ன் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். ஹாரி சீகோம்ப் தொகுத்து வழங்கிய ‘ஹைவே’ என்ற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்காக ஒரு படக்குழு அந்தப் பள்ளிக்கு வந்தது. வந்தவர்களிடம், பள்ளிப் பிள்ளைகள் பத்திரிகை நடத்துவதை வைத்து ஒரு தொடர் எடுக்கலாமே என்று பில் சொன்னார். யோசனை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: திரைக்கதையைத் தன் மகன்தான் எழுத வேண்டும். மகன் அப்போது ஆங்கில ஆசிரியர். தொலைக்காட்சிக்கு அதுவரை ஒரு வரிகூட எழுதியவரல்ல. சிபாரிசில் உள்ளே வந்தவர் என்று அவரை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தயாரிப்பாளர் சாண்ட்ரா ஹேஸ்டி முதல் திரைக்கதையைப் படித்ததும் அசந்துபோனார். தொடர் தொடங்கியபோது மொஃபட்டுக்கு வயது 27. வகுப்பறையில் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், ஆசிரியர் முதுகைத் திருப்பியதும் என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் கண்டு பழகிய ஒருவரின் கை அந்த வசனங்களில் தெரிகிறது.

நார்பிரிட்ஜில் ஏற்கெனவே பெரியவர்களின் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று உண்டு. லண்டனின் பெரிய பத்திரிகைகளில் வேலை பார்த்து வந்த மாட் கெர் அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்கிறார். பள்ளியோடு கைகோத்து இளையோருக்கென்று தனிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கும் ஏற்பாடு நடக்கிறது. பள்ளி தொடங்குமுன்னும் பள்ளி முடிந்த பின்னும்தான் வேலை. குழுவில் சிலர் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். மற்றவர்கள் ஆசிரியர்களுக்குத் தலைவலியாக இருந்தவர்கள். திருந்தட்டும் என்று இங்கே அனுப்பப்பட்டவர்கள். இந்தக் கலவைதான் தொடரின் முதல் சாமர்த்தியம். ஒழுங்கானவர்களையும் அடங்காதவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நேரத்துக்குள் பத்திரிகையை அச்சுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டால் நாடகம் தானாக நடக்கும்.

‘ஜூனியர் கெசட்’டின் ஆசிரியர் லிண்டா டே. ஜூலியா சவாலா நடித்த இந்தப் பாத்திரத்துக்கு ஈடான இன்னொரு பெண்ணைச் சிறுவர் தொடர்களில் தேடிப் பிடிப்பது கடினம். கூர்மையானவள், பிடிவாதக்காரி, தன் ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறவள். நட்பா, செய்தியா என்று வந்தால் பெரும்பாலும் செய்தியைப் பிடித்துக்கொள்வாள். அக்காலத் தொடர்களில் பதின்ம வயதுப் பெண் என்றால் ஒன்று நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொல்லாதவளாக இருக்க வேண்டும். லிண்டா இரண்டிலும் அடங்கவில்லை. பார்ப்பவர்களுக்கு அவளைப் பிடிக்க வேண்டுமே என்று எழுத்தாளர் மெனக்கெடவும் இல்லை. அதனாலேயே பிடித்துப்போயிற்று.

அவளுக்கு எதிரே ஸ்பைக் தாம்சன்: அமெரிக்கப் பேச்சு, கறுப்புக் கண்ணாடி, எதற்கும் ஒரு நக்கல். பத்திரிகையில் சேர், இல்லையேல் பள்ளியை விட்டுப் போ என்ற நெருக்கடியில் வந்து சேர்ந்தவன். நடித்த டெக்ஸ்டர் ஃபிளெச்சர் லண்டன்காரர். அமெரிக்க உச்சரிப்பு முழுக்க நடிப்பு. ‘பக்ஸி மலோன்’ படத்தில் குழந்தை நட்சத்திரமாக வந்தவர் என்பதால் காமிரா அவருக்குப் புதிதல்ல. லிண்டாவும் ஸ்பைக்கும் ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் வசனங்கள்தான் தொடரின் உயிர்நாடி. காதல் உண்டு, அது ஐந்து பருவமும் இழுபறியாகவே ஓடுகிறது. நம் ஊர்த் தொடர்களின் இழுபறிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே இழுப்பதற்காக யாரும் மாடிப்படியிலிருந்து விழுவதில்லை, யாருக்கும் நினைவு தப்புவதில்லை. இரண்டு பேரின் சுபாவமே போதுமானதாக இருக்கிறது.

துணையாசிரியர் கென்னி ஃபிலிப்ஸ் (லீ ராஸ்) குழுவின் மனசாட்சி. லிண்டா கொட்டும் சூட்டைத் தணிப்பது அவன் வேலை. மூன்றாம் பருவத்துக்குப் பின் அவன் ஆஸ்திரேலியா போய்விட, தொடரின் மென்மையில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். சாரா ஜாக்சன் (கெல்டா ஹோம்ஸ்) நன்றாக எழுதத் தெரிந்தவள். லிண்டாவின் தோழி என்பதே அவளுடைய பெரிய சோதனை. ஓவியமும் பக்க அமைப்பும் ஜூலி (லூசி பெஞ்சமின்) கையில். குட்டிப் பிள்ளைகளுக்கான பக்கம் டிட்லர் என்ற சிறுமிக்கு.

கோலின் மேத்யூஸ் (பால் ரெனால்ட்ஸ்) தனியாகச் சொல்லப்பட வேண்டியவன். கணக்கு, விளம்பரம், வருமானம் எல்லாம் அவன் பொறுப்பு. பத்திரிகையின் பணத்தை வைத்துக்கொண்டு அவன் செய்யாத வியாபாரம் இல்லை. இரண்டாகப் பிளந்துபோன பிங்பாங் பந்துகளைப் புதுப்பெயர் சூட்டி விற்கப் பார்த்தவன் அவன். பத்திரிகை நடத்துவதைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் நிருபர் இருப்பார், ஆசிரியர் இருப்பார், முதலாளி வில்லனாக இருப்பார். காகிதத்துக்கும் அச்சுக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தத் தொடர் முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்வியைக் கேட்டது, அதையும் சிரிப்பாகக் கேட்டது. பின்னாளில் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வந்து, ‘ஜூனியர் கெசட்’ சொந்தக் காலில் நிற்கும் வணிகப் பத்திரிகையாக மாறுகிறது. அப்போது கோலினின் கோமாளித்தனம் உண்மையான கவலையாகிவிடுகிறது. சிற்றிதழ் நடத்திக் கடன்பட்ட எவருக்கும் இந்தப் பகுதிகள் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

தொடரின் தரத்தை நிர்ணயித்தவை சில கனமான பகுதிகள். முதல் பருவத்திலேயே பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் அதைப் பிள்ளைகளுக்கு விற்றுக் காசு பார்க்கும் கடையையும் எடுத்துக்கொண்டு இரண்டு பகுதிகள் வந்தன. பள்ளிவிட்டு வந்து தின்பண்டத்தோடு உட்காரும் பிள்ளைகளுக்கான நேரத்தில் இது துணிச்சலான காரியம். அதே பருவத்தின் ‘மன்டே – ட்யூஸ்டே’ பகுதியில், லிண்டாவின் கடுஞ்சொல்லுக்கு ஆளான ஒரு மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். காரணம் அவள்தானா, இல்லையா? தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாளும் அவள் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். பத்திரிகை வெளிவந்தாக வேண்டும். அந்தக் கனம் பார்ப்பவர் தோளிலும் ஏறுகிறது.

இரண்டாம் பருவத்தின் ‘சம்திங் டெரிபிள்’ இரண்டு பகுதிகளாக வந்தது. வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளாகும் ஒரு சிறுமி. அவளுக்கு நேர்வதைக் கண்டுபிடிப்பவன், யாரும் எதிர்பாராத விதமாக, காசைத் தவிர வேறெதையும் நினைக்காத கோலின். மற்றவர்கள் யாராவது கண்டுபிடித்திருந்தால் அது விழிப்புணர்வுப் படமாக முடிந்திருக்கும். கோலினுக்கு அது நடந்ததால் நாடகமாயிற்று. எதையும் விளையாட்டாகப் பேசித் தப்பிக்கும் ஒருவனிடம் விளையாட்டாகப் பேச முடியாத ஒன்று வந்து சேர்கிறது. என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவன் தடுமாறுகிறான். இத்தகைய விஷயத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அந்தப் பகுதிகளில் நகைச்சுவையும் இருக்கிறது. ஆனால் அது ஒருபோதும் சிறுமியின் செலவில் இல்லை.

இன்னொரு கதையில் துப்பாக்கியோடு ஒருவன் அலுவலகத்துக்குள் புகுந்து எல்லாரையும் பிடித்துவைத்துக்கொள்கிறான். கடைசிப் பகுதியான ‘தேர் ஆர் க்ராக்கடைல்ஸ்’ போதைப் பொருளைப் பற்றியது. அதன் முடிவில் பத்திரிகை அலுவலகமே தீயில் எரிகிறது. திரும்பி வர வழியில்லாதபடி வீட்டை மூடிவிட்டுப் போவதுபோல் மொஃபட் தன் முதல் தொடரை முடித்தார்.

சொல்லும் முறையிலும் தொடர் சிறுவர் நிகழ்ச்சிகளின் வழக்கத்தை மீறியது. அக்காலத்தில் பல தொடர்கள் அரங்கத்துக்குள் வீடியோவில் எடுக்கப்பட்டன. இது ஃபிலிமில் எடுக்கப்பட்டது. பல பகுதிகளை இயக்கிய பாப் ஸ்பியர்ஸ், ‘ஃபால்டி டவர்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பருவத்தை இயக்கியவர். சிரிப்பை எந்த நொடியில் வைக்க வேண்டும் என்று அறிந்தவர். கதை முன்னும் பின்னும் தாவும். முதல் காட்சியில் அர்த்தமில்லாமல் தெரிந்த ஒரு வாக்கியம் கடைசிக் காட்சியில் வேறு அர்த்தத்தோடு வந்து நிற்கும். பிள்ளைகளுக்குப் புரியுமா என்று பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை மொஃபட் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது.

இந்த உத்திகளையெல்லாம் அவர் பின்னாளில் வேறு இடங்களில் எடுத்தாண்டார். ‘கப்ளிங்’ என்ற நகைச்சுவைத் தொடர், 2010இல் தொடங்கிய ‘ஷெர்லாக்’, அதே ஆண்டு முதல் 2017 வரை அவர் தலைமை எழுத்தாளராக இருந்த ‘டாக்டர் ஹூ’ ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு, ஷெர்லாக்காக பெனடிக்ட் கம்பர்பேட்ச் பேசும் வேகத்தின் வேர் நார்பிரிட்ஜில் இருப்பது புரியும். ஜூலியா சவாலா ‘அப்சலூட்லி ஃபேபுலஸ்’ தொடருக்கும், 1995இல் பிபிசி எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் லிடியா பாத்திரத்துக்கும் போனார். டெக்ஸ்டர் ஃபிளெச்சர் இயக்குநரானார். பாடகர் எல்டன் ஜானின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ராக்கெட்மேன்’ (2019) அவர் இயக்கியது.

பிள்ளைகள் பத்திரிகை நடத்துவது தொலைக்காட்சிக்காரர்களின் கற்பனை மட்டும்தானா என்றால், அப்படியில்லை. போலந்துத் தலைநகர் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், 1926 அக்டோபர் 9 அன்று ‘சிறிய பார்வை’ என்று பொருள்படும் ‘மாவி ப்ஷெக்லாண்ட்’ என்ற பிள்ளைகள் பத்திரிகையைத் தொடங்கினார். யூதர்களின் போலிஷ் மொழி நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாக அது வந்தது. அதற்கு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள் என்று அவர் அறிவித்தார்: கண்ணாடி போட்ட வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், பையன்களுக்கு ஒரு பையன், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண். நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் கடிதமாக எழுதி அனுப்பியவைதான் அதன் செய்திகள். எழுதிய பிள்ளைகளுக்குச் சன்மானமும் உண்டு. பதிமூன்று ஆண்டுகள் நடந்த அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ் 1939 செப்டம்பர் 1 அன்று வந்தது. அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. கோர்ச்சாக் தன் அநாதை இல்லப் பிள்ளைகளோடு 1942 ஆகஸ்டில் டிரெப்லிங்கா முகாமில் கொல்லப்பட்டார். அதற்குச் சில வாரங்கள் முன் அந்தப் பிள்ளைகள் மேடையேற்றிய நாடகம் தாகூரின் ‘டாக்கர்’, அதாவது அஞ்சலகம்.

அமெரிக்காவில் 1975இல் ‘சில்ட்ரன்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்ற பிள்ளைகளின் செய்தி நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில், ஜிம்மி கார்ட்டர் தன் துணை வேட்பாளராக வால்ட்டர் மான்டேலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற செய்தியை முந்தித் தந்தது அதன் சின்ன நிருபர் படை. பெரிய பத்திரிகைகளின் அரசியல் நிருபர்களுக்கு அன்று நல்ல மனநிலை இருந்திருக்காது. 1995இல் இதே பெயரில் பிரிட்டனிலும் கிளை பிறந்தது. ‘பிரஸ் கேங்’ முடிந்து இரண்டே ஆண்டுகள்.

இந்தியாவில் லிண்டா டே பிறந்திருந்தால் அவளுக்கு முதல் தடை சட்டத்தில் இருந்திருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், வயது வராத ஒருவர் பத்திரிகைக்கான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடவோ பத்திரிகையின் ஆசிரியராக இருக்கவோ கூடாது என்றே சொன்னது. அவதூறு வழக்கு வந்தால் கூண்டில் ஏற ஒரு பெரியவர் வேண்டும் என்ற கணக்கு. 2024 மார்ச் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பழைய சட்டமே நடப்பில் இருந்த ‘பிரஸ் கேங்’ காலத்தில் இந்தியப் பள்ளிகளில் நடந்தவை எல்லாம் பதிவு வட்டத்துக்கு வெளியே இருந்தவை: ஆண்டு மலர், சுவர்ப் பத்திரிகை, கையெழுத்துப் பத்திரிகை. இவை குறைந்தவை என்று பொருளல்ல. தமிழிலும் மலையாளத்திலும் பல எழுத்தாளர்களின் முதல் அச்சகம் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் கார்பன் தாளும்தான். ஆனால் ஆண்டு மலருக்கு நேரக்கெடு கிடையாது, எதிரி கிடையாது, நட்டமும் கிடையாது. தலைமையாசிரியர் வாழ்த்துரையோடு தொடங்கி குழுப் புகைப்படத்தோடு முடியும் ஒன்றில் நாடகம் எங்கிருந்து வரும்?

நாடகம் வேறொரு இடத்தில் இருந்தது. டெல்லித் தெருவோரப் பிள்ளைகளுக்காக இயங்கும் ‘சேத்னா’ அமைப்பின் துணையோடு, 2003 செப்டம்பரில் ‘பாலக்நாமா’ என்ற இந்திப் பத்திரிகை தொடங்கியது. குப்பை பொறுக்கும் பிள்ளைகள், ரயில் நிலையத்தில் வாழும் பிள்ளைகள், வீட்டு வேலையிலும் சாலையோரக் கடைகளிலும் உழைக்கும் பிள்ளைகள் சேர்ந்து உருவாக்கிய ‘பட்தே கதம்’ என்ற கூட்டமைப்புதான் அதன் வேர். எட்டுப் பக்கம்; ஒரு காலத்தில் விலை 2 ரூபாய். உத்தரப் பிரதேசம், ஹரியானா, மத்தியப் பிரதேசம் என்று வேறு மாநிலங்களிலிருந்தும் அதற்குச் செய்தி வந்தது.

அதன் வேலைமுறை கவனிக்கத்தக்கது. நிருபர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. அதற்காக அவர்களை யாரும் ஒதுக்கவில்லை. ‘பாத்தூனி’ நிருபர்கள் என்று, அதாவது வாயாடி நிருபர்கள் என்று, அவர்களுக்கு ஒரு தனிப் பிரிவே உண்டு. தங்கள் பகுதியில் நடந்ததை அவர்கள் வாயால் சொல்வார்கள். எழுதத் தெரிந்த பிள்ளை அதைக் கேட்டு எழுதும். பிறகு ஆசிரியர் குழு கூடி எது முதல் பக்கம், எது உள்ளே, எதைச் சரிபார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும். பதினெட்டு வயதானவர்கள் மெல்ல ஆலோசகர் இடத்துக்கு நகர்ந்து சின்னவர்களுக்கு வழிவிடுவார்கள். ரயில் பாதையில் அடிபட்டுக் கிடக்கும் உடல்களை எடுக்கக் காவல்துறையினர் தெருப் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்தப் பத்திரிகை வெளியிட்ட செய்தி பெரிய ஊடகங்களுக்கும் போனது. குழந்தை உரிமை ஆணையம் அதில் தலையிட்டது. பெரிய பத்திரிகை நிருபர் ஒருவர் அந்தச் செய்தியைத் தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்காது. உடலைத் தூக்கிய பிள்ளை இன்னொரு பிள்ளையிடம்தான் அதைச் சொல்லும். ‘ஜூனியர் கெசட்’டைக் காட்டிலும் நாடகத்தன்மை மிகுந்த இந்த அலுவலகத்தை வைத்து ஒரு நெடுந்தொடர் வரவில்லை என்பது இந்தியத் தொலைக்காட்சியின் சோம்பல்.

கேரளத்தில் நிலைமை வேறு விதம். திருவனந்தபுரத்தில் 2005 ஜூலை 28 அன்று அப்துல் கலாம் தொடங்கிவைத்த ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசை அரசுக்குச் சொந்தமானது. கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 முதல், ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் மாநிலத்தின் பள்ளி வகுப்புகளே அதில் நடந்தன. தமிழ் வழி, கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் தனிப் பாடங்கள் தயாராயின. இந்த அலைவரிசையை நடத்தும் ‘கைட்’ நிறுவனம் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றத்தைத் தொடங்கியது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அது இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் காமிரா பிடிக்கிறார்கள், படத்தொகுப்பு செய்கிறார்கள், அனிமேஷன் கற்கிறார்கள், பள்ளிக்கென்று மின்னிதழ் வடிவமைக்கிறார்கள். பள்ளி விழாக்களைச் செய்தியாகத் தொகுக்கும் வேலையும் அவர்களுடையதே. கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஒளிபரப்ப அலைவரிசையும் இருக்கிறது. விழாவைத் தவிர வேறெதையும், சத்துணவில் புழு நெளிந்தால் அதை, கழிப்பறைக்குத் தண்ணீர் வராவிட்டால் அதை, செய்தியாக்கும் உரிமைதான் கேள்விக்குரியது. லிண்டா முதல் நாளே அங்கேதான் போய் நின்றிருப்பாள்.

திருவனந்தபுரம் நகரத்தின் வடக்கே உள்ள கழக்கூட்டத்தைப் பார்த்தால், வசதி இருந்தும் வாய்ப்பு இல்லாத இந்த முரண் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே இயங்கும் டூன்ஸ் நிறுவனம்தான் நம் தெனாலிராமனைக் கார்ட்டூன் தொடராக்கி 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் உலவவிட்டது. 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதே வட்டாரத்தில் சந்தவிளையில் கேரள அரசின் ‘கின்ஃப்ரா’ நிறுவனத்தின் திரைப்பட, வீடியோ பூங்கா. பள்ளி, ஸ்டூடியோ, மென்பொருள் அலுவலகம் மூன்றும் இத்தனை நெருக்கத்தில் அமைந்த ஊர்கள் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. தொடர் எடுக்கக் கட்டடத்துக்கும் காமிராவுக்கும் இங்கே பஞ்சமில்லை.

தமிழ்நாட்டில் அச்சுப் பக்கம் கொஞ்சம் நடந்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைக் கொண்டுவந்து மாணவர் படைப்புகளுக்கு இடம் கொடுத்தது. ஆயினும் முடிவெடுக்கும் மேசை பெரியவர்களுடையது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல நல்ல பத்திரிகையாளர்களைத் தந்தது. அது கல்லூரிப் பிள்ளைகளுக்கானது. சின்னத்திரையில் பள்ளி என்றதும் நினைவுக்கு வருவது 2006இல் விஜய் டிவி தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’. நட்பும் குறும்பும் முதல் காதலும் அதில் நன்றாகவே வந்தன. ஒரு தலைமுறைக்கே அது சொந்தத் தொடர். இருந்தும் அதில் வரும் பிள்ளைகள் தங்களுக்குள்ளேதான் வாழ்ந்தார்கள். ஊரோடு மோதும்படியான வேலை எதுவும் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. பெரிய திரையின் ‘கோ’ போன்ற படங்களிலோ பத்திரிகை அலுவலகம் முழுக்கப் பெரியவர்களின் சாகசக் களம்.

‘பிரஸ் கேங்’ தொடரிலிருந்து நம் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அமெரிக்கப் பேச்சையோ கறுப்புக் கண்ணாடியையோ அல்ல; பிள்ளைகளிடம் உண்மையான பொறுப்பைக் கொடுத்து, அதன் விளைவையும் அவர்களே சுமக்கவிட்ட துணிச்சலை. செய்தி தவறாகப் போனால் மன்னிப்புக் கேட்பதும் அவர்கள்தான், காசு தீர்ந்தால் கடன் வாங்குவதும் அவர்கள்தான். மாட் கெர் திட்டுவார், எச்சரிப்பார், சில நேரம் வழி காட்டுவார். கடைசி முடிவை லிண்டாவிடமே விட்டுவிடுவார். நம் சிறுவர் தொடர்களில் இந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரு தாத்தாவோ பூதமோ வந்து காரியத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

மொஃபட்டுக்கு முதல் பருவத்தில் கிடைத்தது பன்னிரண்டு பகுதிகள். நம் அலைவரிசைகளில் ஒரு நெடுந்தொடரின் கல்யாண வைபவத்துக்கே அதைவிட அதிக நாள் ஒதுக்குகிறார்கள். விக்டர்ஸ் போன்ற பொது அலைவரிசை ஒன்று, லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் சிலரையும் பள்ளியில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவரையும் உட்காரவைத்துப் பன்னிரண்டு பகுதிகள் எழுதச் சொல்லலாம். மலையாளத்தில் வந்தால் தமிழுக்கு வர அதிக நாள் ஆகாது. அதுவரை ஆர்வமுள்ளவர்கள் மூலத் தொடரைப் பார்க்கலாம், குறுந்தகடாக வந்திருக்கிறது. முதல் பகுதியிலிருந்தே தொடங்குவது நல்லது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ‘சம்திங் டெரிபிள்’ இரண்டு பகுதிகளையும் பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு, பிறகு அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.